புதினாவுக்கு இலைவழி உரம்: பாலக்கோட்டு நண்பனுக்கு

சூளகிரி

அன்புள்ள முனியப்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, சந்தோஷம்.

புதினா மஞ்சளாகிறது, என்ன தெளிக்கலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் எந்த இலை என்று பார். அடி இலை மொத்தமாக வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. உன் போர் தண்ணீரில் பக்கெட்டு ஓரமெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதே, அதனால் இரும்புதான் என்று என் கணக்கு. மண்ணில் இரும்பு இருந்தாலும் அந்தத் தண்ணீர் பாயப் பாய வேருக்கு எட்டாமல் போய்விடும்.

பத்து லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 50 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 10 கிராம். எலுமிச்சை உப்பைத்தான் முதலில் கரைக்கணும். மாற்றிப் போட்டால் இரும்பு துருவாகி அடியில் தங்கிவிடும், இலைக்குப் போவது வெறும் தண்ணீர். கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்: வெளிர்பச்சையாகத் தெளிந்திருந்தால் சரி, செம்பழுப்பாகக் கலங்கினால் அடிக்காதே, மழைத் தண்ணீர் பிடித்துக் கரை. காலையில் கரைத்து சாயந்தரம் அடிப்பதும் ஆகாது. கடையில் அன்னபேதி பழுப்பேறி இருந்தால் வாங்காதே, அது பழசு.

அறுத்த கையோடு தெளிக்காதே. கட்டையில் விழுந்து என்ன பயன்? துளிர்த்து இலை மூடியபின், சாயந்தரம் நாலு மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடி. பத்து நாள் விட்டு இன்னொரு தடவை போதும். அறுவடை நெருங்கினால் வேண்டாம், இலையில் கறை நின்றால் வியாபாரி விலையைக் குறைப்பான்.

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரம் போடுவதானால் டேங்குக்கு 50 கிராம், ஆனால் வேறொரு நாள். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடு சேர்ந்து திரிந்துவிடும்.

தழைச்சத்துக்கு யூரியா தெளிப்பதானால் லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் ஏற்றாதே, இலை விளிம்பு கருகும். ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தாலும் உள்ளே போவது இரண்டு கிலோ யூரியா, அதில் தழைச்சத்து ஒரு கிலோகூட இல்லை. அடியுரத்தை நிறுத்திவிட்டு இதை நம்பாதே. தழைச்சத்து மிஞ்சினாலும் தொல்லைதான்: இலை கொழுகொழுவென்று வரும், மணம் குறையும், பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் மூட்டையில் அழுகும்.

களைக்கொல்லி அடித்த டேங்கில் இதைக் கலக்காதே. ஒரு பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணும் எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு தரம் கேட்டுவிடு. கொழுந்து எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
திம்மராயன்