ரஷ்யாவின் வரலாற்றில் நிலம் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ரஷ்யா பற்றிய தங்கள் கட்டுரை ஜார் மன்னர்களையும் போர்களையும் வரிசையாகச் சொன்னது, நிலத்தைத்தான் விட்டுவிட்டது. 11 நேர மண்டலங்கள் கொண்ட நாடு அது. சைபீரியாவின் பெரிய ஆறுகளான ஓப், யெனிசெய், லேனா மூன்றும் வடக்கே ஓடி ஆர்க்டிக் கடலில் கலக்கின்றன. கிழக்கு மேற்காகச் சரக்கு கொண்டுபோக அவை பெரிதாக உதவவில்லை. 1891இல் டிரான்ஸ் சைபீரிய ரயில் பாதை வேலையை ஏன் தொடங்கினார்கள் என்பது இதைச் சொன்னால்தான் புரியும்.

அதிலும் பைக்கால் ஏரி இருக்கிறதே, 1,600 மீட்டருக்கு மேல் ஆழம்! 1904 பிப்ரவரியில் ஜப்பானுடன் போர் மூண்டபோது, ஏரியைச் சுற்றிப் போகும் பாதை முடிந்திருக்கவில்லை. உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டார்கள். சோதனைக்கு விட்ட எஞ்சின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அப்புறம் பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. படைவீரர்கள் பலர் பனியில் நடந்தே அக்கரை சேர்ந்தனர். அந்தப் போரில் ரஷ்யா தோற்றதற்குத் தளபதிகள் மட்டுமா காரணம்?

அடுத்த பகுதியிலாவது ஒரு நல்ல வரைபடம் போடுங்கள். மாணவர்களும் படிக்கிற பக்கம் அது.

– வாசகர், தஞ்சாவூர்