பக்கத்து சீட்டில் யார்?

டோக்கியோ
19-1-2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தோடு நிறுத்திவிடாமல் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பொங்கலன்று ஆபீஸிலிருந்து போன் பண்ணினேன் இல்லையா, அப்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "பக்கத்து சீட்டுல யாரும்மா இருக்கா? அவங்களுக்குப் பொங்கலைப் பத்திச் சொன்னியா?" நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு லைனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனசிலேயே கிடக்கிறது. போனில் பதில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பாள், உடனே டிக்கெட் போட்டு ஊருக்கு வா என்பாள். அதனால்தான் கடிதம். நீங்கள் முதலில் படித்துவிட்டு, எதைச் சொல்லலாமோ அதை அவளிடம் சொல்லுங்கள்.

பக்கத்து சீட்டில் யார் என்று எனக்குத் தெரியாது அப்பா. எனக்கென்று அங்கே சீட்டே கிடையாது. ஃப்ரீ அட்ரஸ் என்று இங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். யாருக்கும் சொந்த மேஜை இல்லை. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் ஆள் கணக்கைவிட மேஜை குறைவு. காலையில் போய் காலியாக இருக்கிற இடத்தில் உட்கார வேண்டும், சாயங்காலம் ஒரு பேப்பர்கூட விடாமல் துடைத்து எடுத்து லாக்கரில் வைத்துவிட வேண்டும். நேற்று என் பக்கத்தில் இருந்தவர் இன்று வேறு மூலையில் இருப்பார், இல்லையென்றால் வந்திருக்கவே மாட்டார். தாலுகா ஆபீஸில் உங்கள் மேஜை எப்படி இருக்கும்! நாற்காலி முதுகில் துண்டு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கழுகுமலை முருகன் படமும் என் இரண்டாம் வகுப்பு போட்டோவும். நீங்கள் லீவில் இருந்தாலும் அந்த இடம் உங்களைப் போலவே இருக்கும். இங்கே நான் எழுந்து போன பிறகு, அங்கே ஒருத்தி எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பதற்கு ஒரு அடையாளமும் மிஞ்சாது.

யாரும் என்னைக் கெடுதலாக நடத்தவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். அதட்டல் கிடையாது, கேலி கிடையாது, சம்பளம் ஒரு நாள் தவறியதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தால் "ஒட்ஸுகரேசாமா" என்பார்கள். களைத்திருப்பீர்களே என்பது போல அர்த்தம். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! முதல் மாதம் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, நடைபாதையில் யார் எதிரே வந்தாலும் அதே வார்த்தை, சாட்டில் வருகிற ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அதே வார்த்தை. நாம் ஃபைலில் "ஐயா" என்று ஆரம்பிப்பது மாதிரிதான்.

மற்றபடி பேச்சு இல்லை. இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவரும் நானும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில்தான் மீட்டிங் பேசுகிறோம். முகம் தெரியாது, கேமராவை அணைத்து வைத்திருப்பார்கள். மத்தியானம் அவரவர் டப்பாவை அவரவர் திரைக்கு முன்னால் திறந்து சாப்பிடுகிறார்கள். அடுத்தவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்பது இவர்களுக்குப் பெரிய மரியாதை. அந்த மரியாதையை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ராத்திரி எட்டு மணிக்குக் கடையில் பால் வாங்கும்போது, பை வேண்டுமா என்று அந்தப் பையன் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமி இன்னொரு முறை சொன்னேன். ரூமுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது, காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தையே அந்த "வேண்டாம்"தான்.

ரயிலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் இருக்கிற நிஷி-கசாயில் நம் நாட்டுக்காரர்கள் நிறைய. 2000 வருஷத்துக் கம்ப்யூட்டர் கோளாறைச் சரி பண்ண வந்த இந்திய என்ஜினியர்கள் தங்க ஆரம்பித்த இடம், இப்போது துவரம்பருப்புகூடக் கிடைக்கிறது. அங்கிருந்து டோசாய் லைனில் போகிறேன். கொரோனாவுக்கு முன்னால், 2019-ல், அந்த லைனில் கிபா ஸ்டேஷனை அடுத்த பகுதியில் காலை நெரிசல் 199 சதவீதம் என்று கணக்கு. இப்போது அவ்வளவு இல்லை என்கிறார்கள், ஆனாலும் தோளோடு தோள் அழுத்தித்தான் நிற்கிறோம். ஒரு சத்தம் இருக்காது. அரகாவா ஆற்றைத் தாண்டும்போது மட்டும் நான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன், அதற்கப்புறம் வண்டி பூமிக்கு அடியில் போய்விடும்.

டிசம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்ததை உங்களிடம் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், சரியாகி ஒரு மாதம் ஆகிவிட்டது. ஃப்ளூ. ஐந்து நாள் லீவு போட்டேன். மேனேஜர் "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி பதில் போட்டார். இங்கே லீவு முடிந்து வருகிறவர்தான், என்னால் உங்களுக்கெல்லாம் சிரமம் என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது ஒரு நீளமான வாக்கியம். தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று ரயில் முழுக்க மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். போனால் சொல்ல ஆள் இல்லை. மேனேஜர் வீட்டிலிருந்து வேலை, சுற்றி இருந்தவர்கள் வேறு பிரிவு. பத்து மணிக்கு எங்கள் டீமில் ஒருத்தி சாட்டில் கேட்கிறாள், "நேற்று நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஒரு சந்தேகம்." நேற்று நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். அந்த ரிப்போர்ட் தினமும் காலை ஒன்பது மணிக்குத் தானாகப் போகிற மாதிரி நான்தான் செட் பண்ணி வைத்திருந்தேன். ஐந்து நாளும் என் பேரில் ஒழுங்காகப் போயிருக்கிறது. நான் இல்லாதது அவளுக்குத் தெரியவே இல்லை.

அன்றைக்கு பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தது அப்பா. அவரைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

எங்கள் தளத்தில் ஜன்னலோரமாக ஒரு பெரியவர் உட்காருவார். எல்லாரும் இடம் மாறுகிற ஆபீஸில் அவர் மட்டும் ஏழரைக்கே வந்து தினமும் அதே நாற்காலியில். உங்களைவிட இரண்டு வயது சின்னவர். அறுபதில் ரிடையர் ஆன பிறகும், விரும்புகிறவர்களுக்கு அறுபத்தைந்து வரை கம்பெனி ஏதாவது வேலை தர வேண்டும் என்று இங்கே சட்டம். குறைந்த சம்பளத்தில் வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். கோபோல் (COBOL) என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் இருந்த புரோகிராம்களை எழுதியவர் அவர்தான், அதையெல்லாம் இப்போது மாற்றிவிட்டார்கள். "மதோகிவா-ஸோகு" என்று ஒரு வார்த்தை இங்கே உண்டு. ஜன்னலோரத்து ஆட்கள் என்று அர்த்தம். வேலையை விட்டு அனுப்ப முடியாத மூத்தவர்களை, செய்ய ஒன்றும் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் நகர்த்தி உட்கார வைப்பார்களாம். 1970-களின் கடைசியில் பரவிய வார்த்தை. இவரை யாரும் என் காதுபட அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவரிடம் யாரும் எதையும் கேட்டும் நான் பார்த்ததில்லை. ஒன்றரை வருஷம் நானும் எல்லாரையும் போல "ஒட்ஸுகரேசாமா" சொல்லிவிட்டுக் கடந்து போனவள்தான்.

தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது கடலைமிட்டாய் கட்டிக் கொடுத்தீர்களே, அதை இந்த ஊர் வழக்கப்படி பொது மேஜையில் வைத்தேன். ஊருக்குப் போய் வந்தால் தின்பண்டம் வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் காலி. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் லாக்கரைப் பூட்டும்போது அந்தப் பெரியவர் வந்து நின்றார். மிட்டாய் சுற்றியிருந்த தாளைச் சதுரமாக மடித்துக் கையில் வைத்திருந்தார். அதில் தமிழ் எழுத்தைப் பார்த்து நானாகத்தான் இருக்கும் என்று வந்தாராம். "இதில் இருப்பது கருப்புச் சர்க்கரையா?" என்று கேட்டார். ஒகினாவா தீவில் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுக்கிற சர்க்கரை அது, நம் வெல்லத்துக்குத் தங்கச்சி மாதிரி. அவருடைய அம்மா ஒகினாவாக்காரியாம். சின்ன வயசில் ஒரு கட்டியை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாராம். என் அரைகுறை ஜப்பானிய மொழியில், கோவில்பட்டி கரிசல் மண்ணில் விளைகிற கடலை, வெல்லப்பாகு, 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது வரைக்கும் சொல்லி முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இருபது நிமிஷம் இருக்கும். அந்தக் கட்டடத்தில் நான் அவ்வளவு நேரம் நின்று பேசியது அன்றைக்குத்தான்.

காய்ச்சல் முடிந்து வந்த அன்று மத்தியானம் அவர் என்னைத் தேடி வந்தார். "ஐந்து நாளாக டம்ளர் சத்தம் கேட்கவில்லையே, உடம்புக்கு என்ன?" என்றார்.

அம்மா பேர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் அது. காலையில் வெந்நீர் பிடித்துவிட்டு மேடையில் வைப்பேன், டங்கென்று ஒரு சத்தம் வரும். மற்றவர்கள் காகித கப்பில் குடிக்கிறார்கள். அந்த அமைதியில் தினமும் அந்த ஒரு சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார், நின்றதும் கவனித்திருக்கிறார். ரயிலில் மனப்பாடம் பண்ணின மன்னிப்பு வாக்கியத்தை அவரிடம்தான் சொன்னேன். பாதியில் மறந்துவிட்டது. மீதியை அவரே முடித்துக் கொடுத்தார்.

உங்களுக்கு அரசாங்க விஷயங்கள் பிடிக்கும் என்பதால் இதையும் எழுதுகிறேன். தனிமைக்கென்றே இங்கே ஒரு மந்திரி உண்டு. 2018-ல் பிரிட்டனில் முதலில் வைத்தார்கள், 2021 பிப்ரவரியில் ஜப்பானும் வைத்தது. போன ஏப்ரலில் இருந்து அதற்குத் தனிச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கம் மந்திரி போடுகிற அளவுக்கு வந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் இது இருக்கிறது என்று வாய்விட்டு ஒத்துக்கொண்டார்களே, அந்த மட்டில் நல்லது என்றும் நினைக்கிறேன். எங்கள் ஆபீஸில் இதைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

மார்ச் 31-ம் தேதியோடு பெரியவருக்கு ஒப்பந்தம் முடிகிறது. இங்கே ஓய்வு பெறுகிறவருக்குப் பூங்கொத்து கொடுத்து, எல்லாரும் எழுந்து நின்று கை தட்டி அனுப்புவது வழக்கம். அன்றைக்கு எத்தனை பேர் ஆபீஸுக்கு வருவார்கள் என்று தெரியவில்லை. பூங்கொத்தை நானே வாங்கிவிடுவேன். நீங்கள் மார்ச் பத்துக்குள் வந்து சேர்கிற மாதிரி ஒரு கிலோ கடலைமிட்டாய் பார்சல் அனுப்ப முடியுமா? உடையாமல் இருக்கப் பழைய நியூஸ்பேப்பரை நன்றாகத் திணித்துக் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. பெரியவரோடு பேச ஆரம்பித்ததிலிருந்து உங்கள் ஆபீஸ் ரெக்கார்ட் ரூம் மாமா ஞாபகமாகவே இருக்கிறது. முழுப்பரீட்சை லீவில் என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்களே, ஜமாபந்தி நேரம், உங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. நான் போய் அந்த ரூம் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். சிவப்புத் துணி சுற்றின கட்டுகளுக்கு நடுவில், நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் அவர் இருப்பார். தேய்ந்துபோன கார்பன் பேப்பரும் நுனியில் பித்தளை மாட்டின நூலும் எனக்குத் தருவார். பதினொரு மணிக்கு டீ வந்தால் நீங்கள் எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்று சிரித்துப் பேசிக் குடிப்பீர்கள். அவருடைய கிளாஸை மட்டும் டீக்காரப் பையன் ரூம் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவான். அவர் வந்து எடுப்பதற்குள் சில நாள் ஆடை படிந்திருக்கும். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த கிளாஸ்தான் கண்ணில் நிற்கிறது.

உங்களைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றரை வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் எவ்வளவு யோசித்தும் அவர் பேர் எனக்கு ஞாபகம் வரவில்லை. நீங்கள் எல்லாரும் "ரெக்கார்டு, அந்த 98-ம் வருஷத்துக் கட்டை எடுங்க" என்றுதான் கூப்பிடுவீர்கள். பேர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவர் இப்போது எங்கே இருக்கிறார்? நம் ஊரில்தான் என்றால், கடலைமிட்டாய் வாங்கப் போகும்போது இன்னொரு அரைக் கிலோ வாங்கி அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். கார்பன் பேப்பர் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை கொடுக்கச் சொன்னாள் என்று சொல்லுங்கள்.

அவர் பேர் என்ன என்று மறக்காமல் பதிலில் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்