அப்பாவின் நெஞ்சும் போதும்

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளை 32 வாரத்திலேயே பிறந்துவிட்டது, தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று நீ கண்ணாடிக்கு வெளியிலேயே நிற்கிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். இங்கே எங்கள் பச்சிளங்குழந்தை வார்டில் ஒவ்வொரு இன்குபேட்டர் பக்கத்திலும் ஒரு சாய்வு நாற்காலி கிடக்கும். சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு அதில் மணிக்கணக்கில் சாய்ந்திருப்பவர்களில் அப்பாக்கள் நிறைய. டாக்டர் சரி என்றதும் நீயும் உட்காரலாம்.

பிள்ளையை வெறும் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து வைத்துக்கொள்வதைத்தான் கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனம் குறைமாதக் குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம்வரை இதைச் செய்யச் சொல்கிறது. அத்தனை நேரம் உன் மனைவி ஒருத்தியால் எப்படி முடியும்?

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவு. மோதிரம், வாட்ச், சென்ட் எதுவும் வேண்டாம். நெஞ்சு முடியை மழிக்கத் தேவையில்லை, எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். பிள்ளைக்கு டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும். நிமிர்ந்த வாக்கில் உன் வெறும் நெஞ்சில் ஒட்டவை. கை கால் மடங்கி, தவளை மாதிரி இருக்கட்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் லேசாக நிமிர்ந்திருக்கணும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: முகவாய் நெஞ்சோடு மடங்கினால் மூச்சுக்குழல் அடைபடும், சத்தமே வராது. மூக்கும் வாயும் எப்போதும் உன் கண்ணுக்குத் தெரியணும். பிள்ளையை உன்னோடு சேர்த்துக் கட்டும் துணியின் மேல்விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே வரட்டும். இறுக்கம் பிள்ளையின் மார்புப் பக்கம், வயிற்றில் இல்லை. அது வயிற்றால்தான் மூச்சுவிடுகிறது.

ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வை. எடுப்பதும் வைப்பதும்தான் அதற்கு அலுப்பு, பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தால் அலுப்பு மட்டுமே மிச்சம். குறைமாதப் பிள்ளைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது, கொழுப்பும் குறைவு. குளிர்ந்தால் எடை கூட வேண்டிய சக்தியெல்லாம் சூட்டுக்கே செலவாகிவிடும். அக்குள் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருந்தால் சரி.

ஒன்று மட்டும் மறக்காதே, தடவிக் கொடுக்காதே. பாசத்தில் விரல் நுனியால் வருடத்தான் தோன்றும், அந்த மெல்லிய தோலுக்கு அது கூச்சம். ஒரு உள்ளங்கை தலையில், இன்னொன்று பிட்டத்தின் கீழ், அசையாமல் வை. விரல்களை விரித்து நீட்டினால், விக்கினால், முகத்தைத் திருப்பினால் போதும் என்கிறது என்று அர்த்தம், பேச்சையும் நிறுத்து. நிறம் மாறினால் உடனே நர்ஸைக் கூப்பிடு. வருடுவதெல்லாம் பிள்ளை தேறிய பிறகு. அப்போதும் மெதுவாக, நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில். இதமான தொடுகையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பிழைகள் அந்த வேகத்துக்குத்தான் நன்றாகக் கிளர்கின்றன. அவசரமாகத் தேய்த்தால் அவை அவ்வளவாகக் கிளராது.

சோபாவில் படுத்துச் செய்யாதே. கண் அசந்தால் பிள்ளை இடுக்கில் சரிந்துவிடும். காய்ச்சல், சளி, தோலில் புண் இருந்தால் அன்று பாட்டி உட்காரட்டும்.

உன் மனைவியை இப்போது எல்லோரும் பால் வந்ததா என்றுதான் கேட்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள், அறிவுரை சொல்லாதே.

வார்டில் கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே நர்ஸிடம் காட்டு. முதல் தடவை கட்டும்போது அவர் பக்கத்தில் இருக்கணும்.

அன்புடன்,
அக்கா