தோட்டத்துக்கு வரும் மருமகளுக்கு

அன்புள்ள அம்மிணி,

அரையாண்டு லீவில் குழந்தைகளையும் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் தோட்டத்தில் தங்க வருவதாகத் தம்பி போனில் சொன்னான். சந்தோஷம். ஆனால் அவன் போட்டிருக்கும் திட்டம்தான் சரியில்லை. முதல் நாள் ஆழியாறு, இரண்டாம் நாள் டாப்சிலிப், மூன்றாம் நாள் 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை. அதற்குப் பொள்ளாச்சியில் ஒரு லாட்ஜ் போதுமே, தோட்டம் எதற்கு? ஆழியாறு ஒரு சாயந்திரம் போய் வாருங்கள். செவ்வாய், வியாழனில் மாட்டுச் சந்தை கூடும். ஒரு நாள் அதைப் பார்க்கலாம். மற்ற நேரம் இங்கேயே இருங்கள். தோட்டத்தில் நாள் முழுக்க ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் நடக்கும். ஒன்பது மணிக்கு எழுந்து வந்தால் தென்னை மரமும் அசை போடும் மாடும்தான் தெரியும்.

முதலில் பால் கறவை. காலை ஐந்தரை, சாயந்திரம் நாலு. சொசைட்டியில் பால் எடுக்கும் நேரத்தை ஒட்டித்தான் இது. உங்களுக்காகத் தள்ளிப்போட முடியாது. மார்கழியில் ஆறரை தாண்டித்தான் வெயில் எட்டிப்பார்க்கும் என்பதால் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். கட்டுத்தரைக்குள் நுழையும்போது முதலில் குரல் கொடுத்துவிட்டு, மாட்டின் தோள் பக்கமாக வரச் சொல். நேர் பின்னால் நிற்பவர் மாட்டின் கண்ணுக்குத் தெரியாது. குதிரை பின்னால்தான் உதைக்கும், மாடு பின்னங்காலை முன்னுக்கும் பக்கவாட்டிலும் வீசும். அதனால் பின்னங்கால் பக்கம் நிற்பதும் பாதுகாப்பு இல்லை. தோள் பக்கம்தான் சரியான இடம்.

கறக்கும் முன் மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பார்ப்போம். திரிதிரியாக வந்தாலோ ரத்தம் தெரிந்தாலோ மடிநோய். அந்தப் பால் வாளிக்குப் போகாது. மடியைத் தொட்டு ஒரு நிமிஷத்தில் மாடு சுரப்பு விடும். அந்தச் சுரப்பு ஐந்து முதல் ஏழு நிமிஷம்தான் நிற்கும், அதற்குள் கறந்து முடிக்கணும். நடுவில் யாராவது கத்தினாலோ, போனில் ஃபிளாஷ் அடித்தாலோ, புது ஆட்கள் நாலு பேர் சுற்றி நின்றாலோ மாடு மிரண்டு பாலை எக்கிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தடவிக் கொடுத்தாலும் சொட்டுத்தான் வரும். மடியில் பால் தங்கினால் மடிநோய்க்கும் வழி. ஆகவே ஒரு வேளைக்கு ஒரு குழந்தைதான்.

பெரியவன் கறந்து பார்க்கட்டும், கடைசிக் காம்பில். புதிதாகக் கறப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, காம்பைக் கீழே இழுப்பது. இழுத்தால் பால் வராது, மாட்டுக்கு வலிக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காம்பின் மேல்பக்கம், மடியை ஒட்டி, ஒரு வளையமாக இறுகணும். அப்போதுதான் காம்புக்குள் இறங்கிய பால் திரும்ப மேலே ஏறாது. பிறகு நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக மடக்கணும். கை கீழே நகரவே கூடாது. விட்டால் காம்பு தானாக நிரம்பும். நகம் வெட்டிக்கொண்டு வரச் சொல்.

கறந்த சூட்டோடு குடிப்பது நல்லது என்று ஊரில் சொல்வார்கள். கேட்காதே. கன்றுவீச்சு நோயும் காசநோயும் பச்சைப் பாலில் மனிதனுக்கு வரும். பொங்கி வந்ததும் இறக்கிவிடாமல், தணலைக் குறைத்து இன்னும் இரண்டு நிமிஷம் வைத்தால் கவலை இல்லை.

அடுத்தது கிணறு. இதைத் தம்பியும் படிக்கட்டும். கிணற்று மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறோம். மும்முனை கரண்ட் வந்த சில விநாடிகளில் யாரும் தொடாமலே மோட்டார் ஓடும். அந்த நேரத்தில் கிணற்றுக்குள் ஆள் இருந்தால் இரண்டு ஆபத்து. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வ் பக்கம் தண்ணீர் இழுக்கும். அதைவிட மோசம், வயர் எங்காவது உரிந்திருந்தால் இரும்புக் குழாயிலும் தண்ணீரிலும் கரண்ட் பாயும். நீச்சல் தெரிந்தவனும் அதில் பிழைக்க முடியாது. அதனால் கிணற்றில் இறங்குவதென்றால் ஆட்டோவை ஆஃப் செய்வது மட்டும் போதாது. மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, மேலே நிற்பவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மேலே நிற்பவர் என்று ஒருவர் கட்டாயம் உண்டு. அவர் குளிக்கக் கூடாது. கயிறு கட்டிய லாரி டியூப் ஒன்று தண்ணீரில் கிடக்கணும். மழை முடிந்த மாதம் என்பதால் தண்ணீர் மேலேறி, படிக்கட்டு பாசி பிடித்திருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கணும். கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கம் குழந்தைகள் எட்டிப்பார்க்கவே கூடாது. ஈரத்தில் கிணற்று ஓர மண் பொதுபொதுவென்று இருக்கும்.

சின்னவளுக்குக் கிணறு வேண்டாம், தொட்டி இருக்கிறது. மோட்டார் ஓடும்போது குழாயிலிருந்து தண்ணீர் சிமெண்ட் தொட்டியில் கொட்டும். ஆழம் மூன்று அடி. கிணற்றுத் தண்ணீர் மார்கழியில் வெதுவெதுப்பாகவே இருக்கும். மூன்று நாளும் அதில்தான் கிடப்பாள், பார். ஆனாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கணும். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் மட்டும் யாரும் கால் வைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் சாய்ந்த கான்கிரீட், அதில் பாசி, வேகமான தண்ணீர். விழுந்தால் ஏறிவரப் பிடி கிடைக்காது.

தோப்புக்குள் கட்டில் போட்டுப் படுக்கணும் என்று தம்பிக்கு ஆசை. மரத்துக்கு மரம் 25 அடி விட்டு வைத்திருக்கிறோம், ஏக்கருக்கு 70 மரம். ஒரு மட்டையே 15 அடிக்கு மேல் நீளும். அதனால் இரண்டு மரத்துக்கு நடுவிலும் மேலே ஏதாவது தொங்கிக்கொண்டுதான் இருக்கும். முற்றிய காயும் காய்ந்த மட்டையும் காற்று இல்லாமலே விழும். எலி கடித்த குரும்பை ராத்திரியெல்லாம் உதிரும். கட்டில், நாற்காலி, கார் மூன்றும் வாசலில்தான்.

மரத்தில் தொங்கும் பிளாஸ்டிக் வாளிகளைக் குழந்தைகள் தொட வேண்டாம். காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் வைத்த பொறி அது, உள்ளே இருப்பது பூச்சிமருந்துத் தண்ணீர். எந்த மரத்து இளநீரையும் கேட்காமல் வெட்டாதீர்கள். வேர் வழியாக மருந்து கட்டிய மரத்தில் 45 நாள் காய் பறிக்கக் கூடாது. அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டிருக்கிறோம்.

இளநீர் குலையை வெட்டிக் கீழே போட மாட்டார்கள், கயிறு கட்டி இறக்குவார்கள்; விழுந்தால் வெடித்துவிடும். பாளை வெடித்து ஆறேழு மாதமான காயில்தான் தண்ணீர் அதிகம், இனிப்பும் அதிகம். அதற்குமேல் வழுக்கை தடித்துத் தண்ணீர் குறையும். வெட்டியதும் குடிக்கணும், சாயந்திரத்துக்கு என்று எடுத்து வைத்தால் புளித்துவிடும். சம்பந்தியம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றாய். சில பிரஷர் மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும்; இளநீரிலும் அதுவே நிறைய இருக்கிறது. சிறுநீரகத் தொந்தரவும் இருந்தால் இன்னும் கவனம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.

காய் உரிப்பதைப் பார்த்தால் தம்பிக்குக் கை அரிக்கும். முனை மேலே இருக்க நட்டு வைத்த இரும்புப் பாரையின் மேல் காயைக் குத்தும்போது, காம்புப் பக்கத்தை ஒட்டி, சாய்வாகக் குத்தணும். நடுவில் நேராகக் குத்தினால் முனை ஓட்டில் இறங்கிக் காய் உடையும். குத்தியதும் கீழே அழுத்தக் கூடாது, பக்கவாட்டில் திருகணும். மட்டை ஒரு பாளமாகக் கழன்று வரும். மூன்று நாலு திருகில் காய் கையில். பச்சை மட்டையைவிட, சில வாரம் நிழலில் கிடந்து வாடிய காய் சுலபம். அவனுக்கு அதைத்தான் கொடுப்போம். சறுக்கினால் பாரை முனை முன்னங்கையில் ஏறும், அதனால் குழந்தைகள் பத்தடி தள்ளித்தான்.

சாப்பாட்டுக்கு நீ எதுவும் கொண்டுவர வேண்டாம். முதல் ராத்திரி அரிசிம்பருப்பு சாதம். ஏழு பேருக்கு 3 டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் துவரம்பருப்பு, 11 டம்ளர் தண்ணீர். சின்ன வெங்காயம் மட்டும் கணக்கு பார்க்காமல் போடணும். மேலே நெய்.

குளிக்கச் சுடுதண்ணீர் அண்டாவில் வைப்பது குழந்தைகள் வேலை. முதலில் பன்னாடை (தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்குமே, அது), அதன்மேல் காய்ந்த பாளை, அது பிடித்த பிறகு உரிமட்டை. எடுத்த எடுப்பில் மட்டையை அடுக்கினால் புகைதான் மிஞ்சும். மட்டைக் குவியலில் கையை விட்டு உருவ வேண்டாம். தேள் அங்கேதான் குடியிருக்கும். குச்சியால் ஒரு தட்டுத் தட்டி, மேலாக இருப்பதை எடுக்கணும்.

பாம்பு பற்றிக் கேட்டாய். பகலில் அது உங்களுக்கு முன்னால் ஒதுங்கிவிடும். கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். ராத்திரியில் திரியும், தரையில் படுத்தவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, அதனால் தூக்கத்திலேயே தெரியாமல் போகும். விடியும்போது வயிற்று வலி, இமை தூக்க முடியாமை என்று ஆரம்பிக்கும். எல்லோருக்கும் கட்டில் போட்டுவிடுவோம். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடு. போர்வை தரையில் தொங்கக் கூடாது. தலைமாட்டில் டார்ச், காலையில் ஷூவைத் தட்டிப் போடுவது, இவ்வளவுதான். அப்படியும் கடித்தால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கால் அசையாமல் படுக்க வைத்து 108-க்குச் சொல்லி, நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து ஒன்றே நாலு பாம்புக்கும் கேட்கும். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை.

கிளம்பும் காலையில் தம்பியைக் காரின் பானட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல். மார்கழிக் குளிருக்கு எலி சூடான இன்ஜின் மேல் படுத்து வயரைக் கடித்து வைக்கும். ராத்திரி பானட்டைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் வராது, இருட்டான பொந்துதான் அதற்குப் பிடிக்கும்.

ஊருக்குப் போன மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், தோட்டத்தில் தங்கியதை டாக்டரிடம் நீயே முதலில் சொல். எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான் தொடங்கும். பட்டணத்து டாக்டருக்கு உடனே தோன்றாது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் சிகரெட் சுட்ட மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார். இருந்தால் காட்டு. காலம் தாழ்த்தாமல் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். காலில் புண் உள்ளவர்கள் சேற்றில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்பதும் எலிக்காய்ச்சலுக்காகத்தான்.

அன்புடன்,
மாமா, அத்தை

பி.கு.: நாய் இரண்டு இருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கு அவிழ்த்து விடுவோம். வந்து இறங்கியதும் நாங்கள் கூட நிற்கும்போது குழந்தைகளை மோந்து பார்க்க விடணும். அதற்கு முன் ஓட வேண்டாம். அதனால் இருட்டும் முன்பே வந்து சேருங்கள். நாலு மணிக்கு வந்தால் கறவையும் பார்க்கலாம்.