டோக்கியோவில் அப்பா அம்மாவைத் தனியே வெளியே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கும் பெற்றோரின் தனிமையைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தனிமைக்கு முக்கியமான காரணம் ஒன்றைக் கட்டுரை தொடவில்லை. "வெளியே போகாதம்மா, ஏதாவது ஆயிடும்" என்று பிள்ளைகள் சொல்வதுதான் அது. பாசத்தில்தான் சொல்கிறார்கள். அந்த 'ஏதாவது' என்ன என்று மட்டும் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

நான் தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நானும் என் வீட்டுக்காரரும் டோக்கியோவில் மகன் வீட்டில், விசா கொடுத்த காலம் முழுவதும் தங்கியிருந்தோம். அந்த 'ஏதாவது' எங்களுக்கு ஒவ்வொன்றாக நடந்தது. ஒன்றுகூட எங்களை வீட்டுக்குள் உட்கார வைக்கும் அளவுக்குப் பெரிதில்லை.

மகன் குடியிருப்பது நிஷி-கசாய். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் எடொகாவா வட்டத்தில் இருக்கிறது. 2000-ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் அதிகம் குடியேறிய பகுதி. உளுந்தும் துவரம்பருப்பும் அங்கேயே கிடைக்கும். நாங்கள் ஊரிலிருந்து சுமந்துகொண்டு போனது மிக்ஸி. மருமகள் கேட்டிருந்தாள், அங்கே விற்பதில் தேங்காய் அரைபடவில்லை என்று. பின் பொருந்துவதற்கு ஒரு அடாப்டரும் வாங்கிப் போயிருந்தோம். முதல் நாள் காலையில் சட்னிக்குப் போட்டால், உறுமுகிறதே தவிர கத்தி சுற்றவே யோசிக்கிறது. மிக்ஸி கெட்டுவிட்டது என்று எனக்குத் துக்கமாகப் போய்விட்டது.

மிக்ஸிக்கு ஒன்றும் இல்லை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அதற்கு மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மின்சாதனக் கடைகள் நிறைந்த அகிஹாபாரா பகுதியில் கிடைக்கிறது, நல்ல கனம். 750 வாட் மிக்ஸிக்கு அதைப் போல இரண்டு பங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கச் சொன்னார்கள். அதை வாங்கி வைத்த பிறகு சட்னி நன்றாக அரைபட்டது. அப்புறம் ஒரு நாள் ஹீட்டர், மைக்ரோவேவ், மிக்ஸி மூன்றும் ஒரே நேரத்தில் ஓடியபோது வீடே இருண்டு போனது. அங்கே பல வீடுகளுக்கு ஒரே நேரத்தில் 30 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கத்தான் ஒப்பந்தம். 100 வோல்ட்டில் ஒரு ஹீட்டரே 12 ஆம்பியர் இழுத்துவிடும். கதவுக்கு மேலே உள்ள பெட்டியில் விழுந்த சுவிட்சை என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறித் தூக்கிவிட்டார். சரியாகிவிட்டது. இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்கு ஆதங்கம். செல்போன் சார்ஜர், மடிக்கணினி சார்ஜர் இவற்றில் '100-240' என்று அச்சடித்திருக்கும், அவை அப்படியே வேலை செய்யும். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றின் அடியிலும் படித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஒசாகா பக்கம் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மின்சாரத்தின் அதிர்வெண் டோக்கியோவில் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதில் வந்த வித்தியாசம், இன்று வரை அப்படியே இருக்கிறது.

அடுத்தது ரயில். ஒடேமாச்சி நிலையத்தில் இறங்கி, பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நுழைவுக் கட்டணம் கிடையாது, நிழலும் உட்கார இடமும் உண்டு, வயதானவர்களுக்கு ஏற்ற இடம். திரும்பும்போது ஏறியது டோசாய் தடத்தில் விரைவு வண்டி. தொயோச்சோ வரை எல்லா நிலையத்திலும் நிற்பதால் வித்தியாசமே தெரியாது. அதற்கப்புறம் மூன்று நிலையங்களைத் தாண்டிப் போய் உராயாசுவில்தான் நிற்கிறது. அந்த மூன்றில் ஒன்று நிஷி-கசாய். எங்கள் நிலையம் ஜன்னலுக்கு வெளியே ஓடிப் போவதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். வண்டி ஒரு ஆற்றைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்கே போய்விட்டது. உராயாசுவில் இறங்கி, நிலையத்தை விட்டு வெளியே வராமல், எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியில் எதிர்த்திசையில் ஏறினோம். இரண்டாவது நிலையம் எங்களுடையது. அன்று இரவு மகனிடம் சொன்னபோது பதறிப் போனான். "இனிமே நான் இல்லாம போக வேண்டாம்" என்றான். "இல்லப்பா, இனிமேதான் எங்களுக்கு வழி தெரியும்" என்றேன். மறுநாளும் போனோம்.

முகவரி விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், முப்பது வருடத்துக்கு மேல் முகவரி படித்தே சம்பளம் வாங்கியவள் என்பதால். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வட்டம், பகுதி, அதற்குள் 'சோமே' என்ற பிரிவு, அதற்குள் தெருக்கள் சூழ்ந்த ஒரு கட்டத்தின் எண், கடைசியில் கட்டடத்தின் எண். 1962-ல் ஒரு சட்டம் போட்டு இப்படி ஒழுங்குபடுத்தினார்கள். எண்கள் தெரு நெடுகப் போகாது, கட்டத்தைச் சுற்றிக் கடிகாரச் சுற்றில் போகும். அதனால் 1-ஆம் எண்ணும் 15-ஆம் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். நாமோ பெயரில் தொடங்கி ஊரில் முடிக்கிறோம். அவர்கள் ஊரில் தொடங்கிப் பெயரில் முடிக்கிறார்கள். கடிதம் பிரிக்கிறவருக்கு அதுதான் வசதி, கண் தேட வேண்டியதில்லை. நம் பின்கோடு ஆறு இலக்கம், 1972-ல் வந்தது. அவர்களுடையது 1998 முதல் ஏழு இலக்கம். எல்லாம் அருமையான ஏற்பாடு. ஆனால் தெருப்பெயரைக் கேட்டு வழி கண்டுபிடித்துப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்குத் தலை சுற்றும்.

எங்களுக்கும் சுற்றியது. வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் கியோசென் பூங்கா இருக்கிறது. உள்ளே சின்ன மிருகக்காட்சிசாலைகூட இலவசம். அங்கிருந்து வேறு வழியாகத் திரும்பியபோது எல்லா அடுக்குமாடியும் ஒன்று போலவே தெரிந்தது. போனில் சார்ஜ் இல்லை. அப்போது கைகொடுத்தது 'கோபன்'. ரயில் நிலையங்களின் வாசலிலும் முக்கியமான சந்திப்புகளிலும் உள்ள சின்னப் போலீஸ் சாவடி அது. டோக்கியோவில் 1874-லேயே தொடங்கிய முறை. உள்ளே பகுதியின் வரைபடம் இருக்கும். வழி கேட்டு வருகிறவர்களுக்கு உதவுவது அவர்கள் அன்றாட வேலையில் ஒன்று. நம் ஊரில் போலீஸ் நிலையத்துக்குள் போகத் தயங்குகிற அதே தயக்கத்தோடுதான் என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். நான் உள்ளே போய், மருமகள் ஜப்பானிய எழுத்தில் முகவரி எழுதிக் கொடுத்திருந்த சீட்டை நீட்டினேன். அந்த இளைஞர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். புரியவில்லை என்று தெரிந்ததும் வெளியே வந்து, எங்களோடு முனை வரை நடந்து, கட்டடத்தைக் காட்டிவிட்டுத் தொப்பியைத் தொட்டு வணங்கிப் போனார். பர்ஸ் தொலைந்து பயணச்செலவுக்கு வழியில்லாமல் நிற்கிறவர்களுக்குச் சிறு தொகையைக் கடனாகக் கொடுக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு என்று மகன் பிறகு சொன்னான்.

ஐயா, எனக்கு மறக்க முடியாத சம்பவம் இனிமேல்தான். என் வீட்டுக்காரரின் கைப்பை ரயிலில் தங்கிவிட்டது. உள்ளே படிக்கும் கண்ணாடி, ஒரு சில்வர் டப்பா, குலதெய்வக் கோயில் விபூதிப் பொட்டலம். பணமாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் கண்ணாடி இல்லாமல் அவரால் பேப்பர் படிக்க முடியாது, விபூதி இல்லாமல் அவர் காலையில் காப்பி குடிக்க மாட்டார். நிலைய ஊழியரிடம் சொன்னோம். எந்த நேரத்து வண்டி, எத்தனையாவது பெட்டி, எந்தக் கதவுப் பக்கம், பை என்ன நிறம், உள்ளே என்ன என்று ஒன்றொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பாதி சைகையில், பாதி அவர் கையிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவியில் பேசினோம். அன்று கிடைக்கவில்லை. சில நாள் கழித்து, தொலைந்த பொருட்கள் வந்து சேரும் இடத்துக்கு வரச்சொல்லி மகனுக்குத் தகவல் வந்தது. ஈதாபாஷி பகுதியில், அதே டோசாய் தடத்தில்தான்.

பாஸ்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டோம். பையை எடுத்து வந்தார்கள். கட்டியிருந்த சீட்டில் தேதி, வண்டி, கண்டெடுத்த இடம், உள்ளே இருந்த ஒவ்வொரு பொருளும் எழுதியிருந்தது. விபூதிப் பொட்டலம் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பிரிக்காமல், தனியாக ஒரு உறையில் போட்டு வைத்திருந்தார்கள். நம் தபால்துறையில் ஆர்.எல்.ஓ. என்று ஒன்று உண்டு. முகவரி தவறிய கடிதங்களுக்கு உரியவரைத் தேடும் அலுவலகம். அந்த வேலையைப் பொறுமையாகச் செய்த பெரியவர்களோடு பழகியவள் நான். யாரோ ஒருவருடைய பொருளை இத்தனை மரியாதையாகக் கையாண்டதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டோக்கியோ போலீஸிடம் 2023-ல் வந்து சேர்ந்த தொலைந்த பொருட்கள் 40 லட்சத்துக்கும் மேல். சட்டப்படி மூன்று மாதம் பாதுகாக்கிறார்கள். உரியவர் வந்தால், கண்டெடுத்தவர் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்க உரிமை உண்டு. யாரும் வராவிட்டால், சில வகைப் பொருட்கள் தவிர, கண்டெடுத்தவருக்கே போகும். குடை, துணி போன்றவற்றை மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதனால் குடையைத் தொலைத்தால் சீக்கிரம் போய்க் கேளுங்கள்.

மற்றவை எல்லாம் இதைவிடச் சின்னவை. குப்பையை வகை பிரித்து அதற்குரிய நாளில், காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். நாள் தவறினால் ஒரு சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுப் போவார்கள். திரும்ப எடுத்து வந்து சரியான நாளில் வைத்தால் முடிந்தது. மாலையானால் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்க இசை கேட்கும். முதல் நாள் என்னவோ ஆபத்து என்று பயந்தேன். பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கிறார்களாம். பெரிய நிலநடுக்கம் வந்தால் கேஸ் மீட்டர் தானாக மூடிக்கொள்ளும். கேஸ் வாசனை இல்லை என்றால் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி மூன்று நிமிடம் காத்திருந்தால் திரும்ப வரும். இதைப் பக்கத்து வீட்டு ஜப்பானிய அம்மாள் என்னை மீட்டர் பெட்டிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் கொடுத்தார்.

உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், மாத்திரை. நம் வயதில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை இல்லாதவர்கள் குறைவு. ஜப்பானுக்கு டாக்டர் சீட்டு மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குத்தான் அப்படியே கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே 'யுன்யு காகுனின்ஷோ' என்ற அனுமதிச் சான்று வாங்க வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. சில சளி மாத்திரைகள் நம் ஊரில் சாதாரணமாகக் கிடைத்தாலும் அங்கே தடை. பூங்காவில் பழக்கமான ஒரு தம்பதிக்கு மாத முடிவில் மாத்திரை தீர்ந்துவிட்டது. சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு அந்த நாட்டுக் காப்பீடு கிடையாது, டாக்டருக்கும் மருந்துக்கும் முழுப் பணம் கொடுத்தார்கள். மகன் முன்பே சான்று வாங்கி வைத்திருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

அதனால் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: அப்பா அம்மாவிடம் "போகாதே" என்று சொல்வதற்குப் பதில், ஒரு அட்டையில் உங்கள் முகவரியையும் போன் எண்ணையும் அந்த ஊர் எழுத்தில் எழுதிப் பையில் வையுங்கள். போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119 என்று அதன் பின்புறம் எழுதுங்கள். ஆம்புலன்ஸுக்குக் காசு இல்லை என்பதையும் சொல்லி வையுங்கள், நம் ஆட்கள் செலவுக்குப் பயந்தே கூப்பிடாமல் இருந்துவிடுவார்கள். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்க வேண்டும், அது அங்கே சட்டம். ரயில் அட்டையைப் பெயர் பதிந்து வாங்கிக் கொடுங்கள், தொலைந்தாலும் மீதிப் பணம் கிடைக்கும். முதல் வாரம் ஒரு நாள் கோபன் வரை கூட்டிப் போய்க் காட்டுங்கள். அப்புறம் தனியே விடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூர், டொராண்டோ, மெல்போர்ன், லண்டன் என்று போய் வந்த பெற்றோர் நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவரவர் ஊரில் எது இடறியது, யாரிடம் கேட்டால் சரியாகும் என்று எழுதி அனுப்பச் சொல்லி, வாரம் ஒரு நகரமாக ஞாயிறு இணைப்பில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். டோக்கியோவுக்கு இந்தக் கடிதத்தையே வைத்துக்கொள்ளலாம். இடம் போதாது என்றால் மிக்ஸியைக் குறைத்துவிட்டு மாத்திரையை முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர்,
கும்பகோணம்.