2024–25 ஆண்டறிக்கை: ஞாயிற்றுக்கிழமைச் சந்தை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வாசகசாலைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. குடிநீர்த் தொட்டி மனு இன்னும் நிலுவையில் கிடக்கிறது. மீதி நேரம் முழுவதையும், உள்ளூர் விளைச்சலையும் மீனையும் உற்பத்தி செய்பவர்களிடமே வாங்க நாம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும் சண்டை போட்டதும் அதைப் பற்றித்தான்.

மாசி, பங்குனியில் நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானைப் பக்கம் களமெல்லாம் குண்டு மிளகாய் காய்கிறது. வானம் பார்த்த பூமியில் வடகிழக்கு மழையை நம்பி விளையும் மிளகாய். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் நம் அடுக்களையில் இருந்தது பாக்கெட் தூள். இந்த முறை பல வீடுகள் சேர்ந்து விவசாயிகளிடமே வத்தல் வாங்கி, மில்லில் கொடுத்து அரைத்தோம். தரகும் சாக்குக் கூலியும் மிச்சமானதில் அவர்களுக்குக் கூடுதல் விலை கிடைத்தது, நமக்கும் கட்டுப்படியானது. நிறத்தையும் காரத்தையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மீன் குழம்பு வைத்தவர்களுக்குத் தெரியும். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நம் பெண்கள் அந்த விவசாயிகளிடம், “மருந்து அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பழம் பறிச்சீங்க அண்ணே?” என்று நேருக்கு நேர் கேட்டார்கள். பாக்கெட்டிடம் இதைக் கேட்க முடியாது. ஒருவர் மழுப்பினார். அவரிடம் வாங்கவில்லை.

அடுத்து மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் மே முடியும்வரை மீன்கடைகளில் மேற்குக் கரையிலிருந்து வரும் ஐஸ் மீன்தான். அங்கே தடை ஜூன் மாதம்தானே தொடங்குகிறது! ஆனால் நம் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. வல்லத்தில் போய் வருபவர்கள் கொண்டுவந்த சூடை, காரல், முரல் காலையில் கரையேறி, வெயில் ஏறுவதற்குள் சந்தையில் விற்றுத் தீர்ந்தன. “சூடையில் முள்ளு, யாரு திங்கிறது?” என்ற பேச்சு குறைந்திருக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் சின்ன மீனில்தான் சுண்ணாம்புச் சத்து. சூடையின் கொழுப்பு இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். விலையும் வஞ்சிரத்தின் பக்கத்தில்கூட வராது. இந்தச் சின்ன மீன்கள் வேகமாக வளர்ந்து சீக்கிரம் இனம் பெருக்குபவை என்பதால், குஞ்சை அள்ளாத கண்ணியுள்ள வலையில் அளவோடு பிடித்தால் கடல் தாங்கும்.

சினை நண்டு விஷயத்தில்தான் முதல் தகராறு. வயிற்றடியில் முட்டையோடு இருக்கும் நண்டைச் சந்தையில் விற்கக்கூடாது என்று குழு முடிவு செய்தது. ஒரு நண்டு சுமப்பது லட்சக்கணக்கான முட்டை. வலையில் உயிரோடு ஏறினால் திருப்பிக் கடலில் விடலாம். நண்டு வலைக்காரர்கள் சிலர் நாம் வாங்காவிட்டால் கம்பெனிக்காரன் வாங்குவான் என்றார்கள். உண்மைதான். ஆனாலும் நம் தராசில் அது ஏறவில்லை.

பால்சுறாவில் குழு தோற்றது. சுறா மெதுவாகவே பெருகும், ஈற்றுக்குச் சில குட்டிகள்தான் என்று நான் ஆரம்பித்ததுமே, “பிள்ளை பெத்தவளுக்கு எதைடா ஆக்கிப் போடுவ?” என்று அப்பத்தாமார்கள் எழுந்துவிட்டார்கள். பிரசவம் ஆன வீட்டுக்கு மட்டும், முன்கூட்டிச் சொன்னால் என்று ஒத்துக்கொண்டோம். சந்தையில் பொதுவில் விற்பதில்லை.

பெரிய விவாதம் வனாமி இறால். பண்ணைக் குட்டையில் வளர்ந்ததும் உள்ளூர்ச் சரக்குதானே, ஏன் சேர்க்கவில்லை என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் உப்புநீர்க் குட்டையை ஒட்டிய நெல் வயலுக்கு என்ன ஆகிறது, பக்கத்துக் கிணறு என்ன ருசிக்குப் போகிறது என்று கரையோரம் நிலம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். பக்கத்தில் விளைந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் நல்லதாகிவிடாது. சுற்றுச்சூழலுக்கு ஆகும் கேட்டில் லாரி டீசல் கணக்கு ஒரு பங்குதான். பெரும்பாலான உணவில் மண்ணையும் நீரையும் என்ன செய்து விளைவிக்கிறோம் என்பதே பெரிய பங்கு. தக்காளி, வெங்காயம் இப்போதும் நமக்கு வெளியூரிலிருந்துதான் வருகின்றன. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அரிசியில் முன்னேற்றம் குறைவு. சித்திரைக்கார் கஞ்சிக்கு நிகரில்லை என்று எல்லாரும் சொல்கிறோம். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும்போது காசு கொடுத்து வாங்குபவர்கள் சில வீட்டார்தான். கட்டாயப்படுத்த முடியாது. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி நன்றாகப் போனது. மழைக்காலத்தில் கசிந்துவிட்டதாகப் புகார் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை: நல்ல கருப்பட்டி ஈரம் இழுக்கும். கசியாமல் பளபளவென்று இருந்தால்தான் சீனி கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

நவம்பர் 20ஆம் தேதி பெய்த பேய்மழையில் ராமேஸ்வரத்தில் மட்டும் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். அதையொட்டிய நாட்களில் சந்தை கூடவில்லை.

வரும் ஆண்டுக்கு மீன் பக்கம் ஓர் ஓலைப் பந்தலும், தராசுக்கு முத்திரைப் புதுப்பிப்பும் தேவை. பனை ஓலையும் கூலியும் தருவதாகச் சொன்னவர்கள் ஆடிக்குள் தந்துவிட வேண்டும்.

இந்த அறிக்கையை அவை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வனாமி முடிவை மாற்ற வேண்டும் என்பவர்கள் இப்போதே பெயர் கொடுக்கலாம். பொருளாளர் கணக்கை வாசித்து முடித்ததும் அவர்களுக்கு நேரம் தரப்படும்.

செயலாளர்