மே மாதம் டர்பனுக்கு வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்கப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அரிய பறவை என்றால் க்ரூகர் வனவிலங்குப் பூங்காதான் என்று முடித்துவிட்டீர்களே! எங்கள் டர்பன் விமானம் மாறுவதற்கு மட்டுமான ஊரா?

இங்கே முதலில் கண்ணில் படுவது காக்கையும் மைனாவும்தான். இரண்டும் நம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவை. உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்பதால் காக்கைக்கு இங்கே நல்ல பெயர் இல்லை. அமாவாசைக்குச் சோறு வைப்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

டர்பனின் கிளென்வுட் பகுதியில் பல்கலைக்கழகத்தை ஒட்டி பிஜன் வேலி என்றொரு சின்னக் காடு இருக்கிறது. சுற்றிலும் வீடுகள், கார்கள். உலக அளவில் அருகிவரும் ஸ்பாட்டட் கிரவுண்ட் த்ரஷ் குளிர்காலத்தைக் கழிக்க அங்கேதான் வருகிறது. நம் பூங்குருவிக்கு உறவு. வெளிர் வயிறு முழுக்கக் கரும்புள்ளிகள். தரையில் சருகைப் புரட்டிப் புழு தேடும். நடந்துகொண்டே தேடினால் கிடைக்காது. ஓரிடத்தில் நின்று சருகுச் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். பேச்சுத் துணையோடு போகிறவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

அப்புறம், உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் பீச்வுட் அலையாத்திக் காடு. அங்கே மேங்குரோவ் கிங்ஃபிஷர். தெற்கே ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தில் நண்டு பிடிக்க இங்கே வரும் மீன்கொத்தி. மேலலகு, கீழலகு இரண்டுமே சிவப்பு. இதைப் போலவே இருக்கும் உட்லண்ட் கிங்ஃபிஷருக்குக் கீழலகு கறுப்பு. கடல்நீர் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போங்கள். தனியாக வேண்டாம், உள்ளூர்ப் பறவை ஆர்வலர்களோடு போவது நல்லது.

கட்டுரையாளர் டிசம்பரில் வரச் சொல்கிறார். டிசம்பரில் இந்த இரண்டுமே இங்கே இருக்காது. தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை மே மாதம். எங்களுக்கு அப்போதுதான் குளிர் தொடங்குகிறது. அதைவிடத் தோதான நேரம் ஏது?

சரி, தைப்பூசக் காவடி பார்க்க வருகிறவர்கள் என்ன செய்வது? அவர்கள் டர்பனுக்கு வடக்கே, வெருலம் ஊருக்கு அருகே உள்ள மவுண்ட் மோர்லேண்ட் போகட்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் மாலையில் லட்சக்கணக்கில் நாணலில் இறங்கிய இடம் அது; இந்த ஆண்டு வந்திருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அரிய பறவை இல்லைதான், ஆனால் அந்தக் கூட்டம் அரியது. சூரியன் மறைவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
டர்பன் வாசகர்